சாமி மாறியது, வட்டி மாறவில்லை

தருமபுரியிலிருந்து பாலக்கோட்டுக்கு நான் வேலைக்குச் செல்லும் காலைப் பேருந்தில், வாரத்திற்கு ஒருநாளாவது அந்தக் கிறிஸ்தவ ஊழியக்காரர் ஏறுகிறார். வெளுத்த வெள்ளைச் சட்டையும் ஓரம் தேய்ந்த ரெக்சின் பையுமாக வருபவர், வண்டி நிலையத்தை விட்டு நகர்வதற்குள் ஒவ்வோர் இருக்கையிலும் ஒரு கைப்பிரதியைக் கொடுத்துவிட்டு, இரண்டு நிமிடம் மட்டும் தாம் முன்பு எப்படி இருந்தார், இப்போது எப்படி இருக்கிறார் என்று சொல்லி, அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடுகிறார். சிலர் வாங்கி மடித்து வைத்துக்கொள்கிறார்கள். சிலர் கையை மட்டும் அசைத்து வேண்டாம் என்கிறார்கள். கல்லூரிப் பையன்கள் அவர் இறங்கிய பிறகு “அல்லேலூயா” என்று கூவிச் சிரிக்கிறார்கள். சண்டைக்குப் போனவரை நான் ஒருமுறைதான் பார்த்திருக்கிறேன். அவரும் மதத்தைப் பற்றிப் பேசவில்லை. “நீ மொதல்ல யோக்கியமா இருக்கியான்னு சொல்லு, அப்புறம் எனக்குச் சொல்லு” என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான் இதை எழுத நினைத்தேன். எங்கள் பகுதியில் கிறிஸ்தவப் பிரசாரத்தின் மீது எழும் எரிச்சலில் பெரும்பங்கு, இயேசுவைப் பற்றியதாகவோ வேதத்தைப் பற்றியதாகவோ இருப்பதில்லை. சொல்லும் ஆளைப் பற்றியதாகவே இருக்கிறது. கிருஷ்ணகிரிக்கு அருகே எலத்தகிரியிலும் தருமபுரிக்கு அருகே கோவிலூரிலும் தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்கர்கள் வாழ்கிறார்கள். 1997-இல் தருமபுரியைத் தலைமையிடமாகக் கொண்டு தனி மறைமாவட்டமே உருவானது. அந்தக் கத்தோலிக்கத் திருவிழாக்களின் தேருக்கு வழிவிட்டு நிற்பதில் யாருக்கும் மனத்தாங்கல் இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. பழைய ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) குடும்பத்துக்காரர் ஒருவர், பேருந்தில் கைப்பிரதி கொடுப்பவரைக் கண்டால் என்னைவிட அதிகமாக முகம் சுளிப்பார். மாதாவை வணங்குவது விக்கிரக ஆராதனை என்று யாரோ ஒருமுறை அவர் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்து சொல்லிவிட்டார்களாம். ஆகவே இந்த எரிச்சலை இந்துக்களுக்கு மட்டும் உரியதென்று எழுதுவது சரியாகாது.

எங்கள் தெருவில் மளிகைக் கடை வைத்திருப்பவர் பல ஆண்டுகளுக்கு முன் ஞானஸ்நானம் பெற்றார். அதற்கு முன் அவர் குடித்த குடி ஊருக்கே தெரியும். அதன்பின் ஒரு சொட்டும் தொடவில்லை என்பதும் ஊருக்குத் தெரியும். மனைவியை அடிப்பது நின்றது, பிள்ளைகள் படித்தார்கள். ஆனால் கடைக்குப் பின்னால் அவர் நடத்திவந்த கைமாற்று வட்டித் தொழில் மட்டும் நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜெபக்கூட்டத்தில் சாட்சி சொல்வார், மாலையில் நோட்டை எடுத்துக்கொண்டு வசூலுக்குக் கிளம்புவார். “சாமிய மாத்திக்கிட்டான், வட்டிய மாத்தலையே” என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அவர் விட்ட குடியைப் பற்றி அப்படி ஒரு பேச்சு இன்றுவரை உருவாகவில்லை.

இதே தெருவில் வட்டிக்கு விடும் வேறு இருவர் இருக்கிறார்கள். இருவரும் நெற்றி நிறையத் திருநீறு பூசுகிறவர்கள், ஒருவர் மாரியம்மன் கோயில் திருவிழாக் குழுவில் பொறுப்பில் இருக்கிறார். அவர்களைத் திட்டுவார்கள், சபிப்பார்கள். ஆனால் வேடதாரி என்று யாரும் சொல்வதில்லை. இதை வெறும் பாரபட்சம் என்று ஒதுக்கிவிட முடியும் என்று நான் வெகுகாலம் நினைத்திருந்தேன். பாரபட்சம் இருக்கத்தான் செய்கிறது. ஆயினும் அதற்கு அடியில் இன்னொரு காரணமும் இருக்கிறது. எங்கள் பூசாரி தம் வாழ்க்கையைச் சான்றாகக் காட்டி அம்மனிடம் யாரையும் அழைத்ததில்லை. அவர் நல்லவரா கெட்டவரா என்பது அம்மனின் சக்திக்குத் தொடர்பற்ற செய்தி. ஊழியக்காரரோ ‘நான் மாறினேன், நீயும் மாறலாம்’ என்று தம்மையே சாட்சியாக நிறுத்துகிறார். தன்னையே தராசுத் தட்டில் வைத்த மனிதரை ஊர் எடை போடாமல் விடுமா? அதனால்தான் வட்டி நோட்டு, அவர் சொன்ன சுவிசேஷத்திற்கே மறுப்பாகிவிடுகிறது.

விந்தை என்னவென்றால், இந்தக் குற்றச்சாட்டின் மிகக் கடுமையான வடிவம் அவர்களுடைய வேதத்திலேயே இருக்கிறது. மத்தேயு ஆறாம் அதிகாரத்தில், மனிதர் காணும்படி வீதிச் சந்திகளில் நின்று ஜெபிக்க விரும்பும் வேடதாரிகளைப் போல இருக்கவேண்டாம் என்று இயேசு சொல்கிறார். இருபத்துமூன்றாம் அதிகாரத்தில் அதே சொல்லால் பரிசேயர் என்னும் யூத சமயப் பிரிவினரைத் திரும்பத் திரும்பச் சாடுகிறார். பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அவர்களை ‘மாயக்காரர்’ என்றது. 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பு ‘வெளிவேடக்காரர்’ என்கிறது. கிரேக்க மூலத்தில் அச்சொல்லின் பழைய பொருள் மேடையில் நடிப்பவன் என்பதே. பாரதக் கூத்து பார்த்து வளர்ந்த எங்கள் ஊர்க்காரர்களுக்கு இரண்டாவது சொல்தான் உடனே விளங்கும். (விடிய விடியத் துரியோதனன் வேடம் கட்டியவர் காலையில் முகப்பூச்சு கலையாமல் தேநீர்க் கடையில் நிற்பார், அவரை யாரும் பொய்யர் என்று சொல்வதில்லை. அது வேடம் என்று அவரும் அறிவார், பார்த்தவர்களும் அறிவார்கள்.)

வேடம் என்ற குற்றச்சாட்டு மிகவும் தவறாகப் பயன்படுத்தப்படும் ஓர் இடமும் உண்டு. ‘சான்றிதழில் இந்து, வீட்டில் ஜெபம்’ என்று பட்டியல் சாதிக் குடும்பங்களைப் பற்றிச் சொல்வதைத் தேநீர்க் கடைகளில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் என்று வரையறுத்தது, 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள், கிறிஸ்தவர்கள் சேர்க்கப்படவில்லை. தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் கிறிஸ்தவத்துக்கு மாறியதும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போய்விடுகிறார்கள். இடஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று சொல்லிக்கொள்வது அரசியலமைப்புக்கு இழைக்கப்படும் மோசடி என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் புதுச்சேரி வழக்கொன்றில் கூறியபோது, எங்கள் அலுவலகத்தில் பலர் அதை வெற்றிச் செய்தியைப் போலப் படித்துக் காட்டினார்கள். சட்டப்படி அவர்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை. ஆனால் மதம் மாறிய ஒருவரைத் தெருவும் கிணறும் சுடுகாடும் மாறியவராக ஏற்றுக்கொள்ளாதபோது, சான்றிதழ் மட்டும் அவரை மாறியவராக நடத்துகிறது. சாதியைச் சபைக்கு வெளியே விட்டு வந்ததாகச் சொல்லும் திருச்சபையிலும் நிலைமை பெருமைப்படத்தக்கதாக இல்லை. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் இறந்தவர்களுக்கு நடுவே சாதி பிரித்து எழுப்பப்பட்ட சுவரைத் தமிழ்நாடே அறியும். இதில் வேடம் கட்டியவர்களை எண்ணத் தொடங்கினால், அந்த ஏழைக் குடும்பம் கடைசியில்தான் வரும்.

பிரசாரத்தையே தடை செய்யவேண்டும் என்போருக்கும், அது முழு உரிமை என்போருக்கும் சட்டம் பாதிப் பதிலைத்தான் தருகிறது. மதத்தைப் பரப்பும் உரிமையை அரசியலமைப்பின் 25-ஆம் பிரிவு அளிக்கிறது; அது பிறரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று 1977-இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. தமிழ்நாட்டில் 2002-இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது, 2004-இல் கைவிடப்பட்டது. இவற்றுள் எதுவும் எங்கள் பேருந்தில் எதையும் மாற்றியதாக எனக்கு நினைவில்லை.

என் தந்தையார் ஓய்வுபெற்ற நடத்துனர். தம் வண்டியில் கைப்பிரதி கொடுப்பவர்களை, “டிக்கெட் எடுத்துட்டு மோட்சத்துக்குக் கூப்பிடுப்பா” என்று கேலி செய்தே இறக்கிவிட்டவர். சில ஆண்டுகளுக்கு முன் என் தாயாருக்கு வாதம் வந்து அரசு மருத்துவமனையில் பத்து நாள் இருந்தபோது, மாலைதோறும் ஒரு வயதான பெண்மணி வார்டுக்கு வருவார். முதலில் “சாப்டீங்களா கண்ணு?” என்பார், பிளாஸ்கில் வெந்நீர் கொண்டுவந்து வேண்டியவர்களுக்கு ஊற்றுவார், அதன் பிறகே, “ஜெபம் பண்ணட்டுங்களா?” என்று கேட்பார். மூன்றாம் நாள் எங்கள் கட்டிலருகே அவர் கேட்டபோது, அப்பா கேலியாக ஏதேனும் சொல்லிவிடுவாரோ என்று நான் பயந்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். மாரியம்மன் முன்னால் மட்டும்தான் அவர் அப்படிச் செய்து நான் பார்த்திருக்கிறேன்.

அம்மா எழுந்து நடந்ததும், வேண்டிக்கொண்டபடி தீர்த்தமலைக்குப் போய் அப்பா மொட்டை போட்டுக்கொண்டார். யார் விசாரித்தாலும் தீர்த்தகிரீசுவரர் கருணை என்பார். வார்டில் நடந்ததைப் பற்றி ஒருநாளும் வாய்திறந்ததில்லை. அந்தப் பெண்மணி பிறகு ஒருமுறை வழி விசாரித்து எங்கள் வீட்டுக்கே வந்தார். அப்பா அவரை உட்காரவைத்துக் காபி கொடுக்கச் சொன்னார், வெகுநேரம் நல்லபடியாகப் பேசிக்கொண்டிருந்தார். அந்தப் பெண்மணி பையிலிருந்து வேதப் புத்தகத்தை எடுத்தபோது மட்டும், “அதெல்லாம் வேணாம்மா” என்றார். அந்த அம்மாள் சற்றும் கோணாமல் புத்தகத்தை உள்ளே வைத்துவிட்டு, மருந்து தவறாமல் கொடுக்கிறோமா என்று கேட்டார்.

நேற்றுக் காலையும் அந்த ஊழியக்காரர் பேருந்தில் ஏறினார். நான் கைப்பிரதியை வாங்கிச் சட்டைப் பையில் வைத்தேன். “படிப்பீங்களா அண்ணா?” என்று கேட்டார். படிக்கிறேன் என்று சொன்னேன். பாலக்கோடு வந்து இறங்கும்வரை அதை வெளியே எடுக்கவில்லை.