ஐட்டம் 43

ஜூன் 18
என் சீனியர் வக்கீல் சாருக்கு பைபாஸ் முடிந்தது. ஐசியூவுக்குள் யாரையும் விடவில்லை.

ஜூன் 19
61 நாள்.

ஜூன் 20
மேலூர் பெரியவரின் கேஸ் கட்டு இப்போது என் மேசையில். இரண்டாம் மேல்முறையீட்டுக்கு 90 நாள் கெடு. அதையும் தாண்டி 61 நாள். கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து கிடந்த மனுஷன். சார் இருந்தால் முதலில் என்னை எதிர்த்தரப்பாக நிற்க வைப்பார். "தாமதத்தை மன்னிக்கக் கேட்கிற மனுவைத் தள்ளணும்னு வாதாடும்மா." நான் பேசப் பேச மனுவின் ஓரத்தில் பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டே போவார். புள்ளி விழுந்த இடமெல்லாம் எங்கள் ஓட்டை. இன்று நானே பேசி நானே பென்சில் பிடித்தேன். ஒரு புள்ளிகூட விழவில்லை. பயமாக இருக்கிறது.

ஜூன் 22
சென்னைக் கம்பெனியிலிருந்து வேலைக்கு வரச் சொல்லி மறுபடி போன். 27க்குள் பதில் வேண்டுமாம்.

ஜூன் 23
தோழி வந்து அழுதாள். ஜூனியர் வக்கீல்களுக்கு மதுரையில் மாதம் 20,000 தரவேண்டும் என்று உயர் நீதிமன்றமே 2024இல் சொல்லியாகிவிட்டது. அவளுக்கு இன்னும் பெட்ரோல் காசுதான். அதைவிடக் கொடுமை, மூன்று வருஷத்தில் வாய்தா கேட்பதைத் தவிர ஒரு வார்த்தை பேச அவள் சீனியர் விட்டதில்லை. பணம் கொடுத்தாலும் அந்த மூன்று வருஷத்தை யார் திருப்பித் தருவது?

ஜூன் 24
சாரை வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். ஐந்து நிமிஷம் பார்த்தேன். மூச்சு வாங்க, "எத்தனாவது நாள் டிஸ்சார்ஜ்?" என்றார். "டாக்டர் இன்னும் சொல்லலை சார்." தலையை ஆட்டினார். "பெரியவரு."

படியிறங்கும்போதே பையைத் திறந்து பார்த்தேன். 22ஆவது நாளே வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். மீதி 39 நாளுக்கு மனுவில் ஒரு வரி இல்லை.

ஜூன் 25
பெரியவர் மகன் அரிசி டப்பாவுக்குள்ளிருந்து இரண்டு ஆஸ்பத்திரி ரிவ்யூ சீட்டு எடுத்து வந்தார். இரண்டிலும் 'நடக்கக் கூடாது'. கூடுதல் பிரமாணப் பத்திரம் தயார். உச்ச நீதிமன்றத்தின் 1987 காத்திஜி தீர்ப்பையும் வைத்துவிட்டேன்: ஒவ்வொரு நாளுக்கும் கணக்குக் கேட்பதைப் பகுத்தறிவோடு பார்க்கச் சொன்ன தீர்ப்பு.

ஜூன் 26
கம்பெனிக்கு முடியாது என்று எழுதிவிட்டேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

ஜூன் 27, மதியம்
கோர்ட் ஹாலில் உட்கார்ந்து எழுதுகிறேன். இன்றைய லிஸ்ட்டில் எங்கள் கேஸ் ஐட்டம் 43. இப்போது 38 ஓடுகிறது. எதிர்த்தரப்பில் பெரிய சீனியர். சார் பென்சில் என் கட்டுக்குள் இருக்கிறது. 39 பாஸ் ஓவர், பிறகு கூப்பிடுவார்கள். 40க்கு யாருமே வரவில்லை. 41