பிளேடைக் கழற்றி வைத்துவிட்டு மோட்டாரைப் பாருங்கள்

450 சைஸ் ரிமோட் ஹெலிகாப்டர் ஒன்றைப் பழையதாக வாங்கி இரண்டு மாதம் ஆகிறது. உடம்பு முழுசாகப் பூட்டி வந்தது, மோட்டார் மட்டும் தனியாக ஒரு பிளாஸ்டிக் கவரில். அதை மாட்டி ஒழுங்காக ஓட வைக்க எனக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. புதிதாக இதில் இறங்குகிற பையன்கள் என்னிடம் கேட்பதெல்லாம் எப்படிப் பறக்கவிடுவது என்றுதான். மோட்டாரைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சின்ன வயதில் லீவு விட்டால் அரக்கோணத்தில் அத்தை வீடு. 1992-ல் அங்கே ஐஎன்எஸ் ராஜாளி வந்தது, கடற்படை ஹெலிகாப்டர் பைலட்டுகள் பயிற்சி எடுக்கும் இடம். மொட்டை மாடியில் வடகத்துக்குக் காவல் உட்கார்ந்தபடி தலைக்கு மேல் போகிற ஒவ்வொன்றையும் எண்ணிக்கொண்டிருப்பேன். அந்த ஆசைதான் இத்தனை வருஷம் கழித்து வேலூரில் எங்கள் வீட்டு மேசைமேல் வந்து உட்கார்ந்திருக்கிறது.

சரி, மோட்டாருக்கு வருவோம். என்னுடையதில் 3600 கேவி என்று போட்டிருந்தது. இதைக் கிலோவோல்ட் என்று படித்துவிடாதீர்கள். சுமை இல்லாமல் சுற்றும்போது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு 3600 சுற்று, அவ்வளவுதான் அர்த்தம். மூன்று செல் லிப்போ பேட்டரி 11.1 வோல்ட், இரண்டையும் பெருக்கினால் ஏறக்குறைய 40,000 வரும். சுமை ஏறினால் அந்த வேகம் நிற்காது, நூற்றுக்கு 85 பங்கு கிடைக்கும் என்று வைத்துக்கொண்டால் 34,000. மோட்டாரில் மாட்டுகிற சின்னப் பல்சக்கரமான பினியனில் 11 பல், அது சுழற்றுகிற மெயின் கியரில் 150 பல், ஆக மேலே பிளேடு மாட்டுகிற ரோட்டார் நிமிடத்துக்கு 2,500 சுற்றுக்குப் பக்கத்தில் சுற்றும். பினியனை 13 பல்லாக மாற்றினால் 2,900-ஐத் தாண்டிவிடும். அது வானத்தில் குட்டிக்கரணம் போடுகிறவர்களுக்கு, ஆரம்பத்தில் நமக்கு 11 போதும்.

2,500 சுற்று கொஞ்சம்தானே என்று தோன்றும். 325 மில்லிமீட்டர் பிளேடு போட்டால் அதன் நுனி மணிக்கு 330 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அதனால் மோட்டார் வேலை முடிகிறவரை மேல் பிளேடும் வால் பிளேடும் மேசையில் இருக்கவே கூடாது. நான் கழற்றி பீரோவில் வைத்துப் பூட்டினேன். வீட்டில் குழந்தை இருக்கிறது, இதில் சமாதானம் பேச எனக்கு மனசு வராது.

மோட்டாரிலிருந்து மூன்று ஒயர் வரும், வேகத்தைக் கட்டுப்படுத்துகிற இஎஸ்சியிலிருந்தும் மூன்று வரும். எதை எதோடு சேர்ப்பது என்று ஒரு மணி நேரம் முழித்துவிட்டு, ஏதோ ஒரு வரிசையில் சொருகினேன். ரிமோட்டில் த்ராட்டில் கொடுத்தேன், அதாவது வேகத்தைக் கூட்டினேன், மோட்டார் சத்தம் போடுகிறது, மெயின் கியர் சுற்றுகிறது, ஆனால் மேலே ரோட்டார் தலை மட்டும் இலேசாக ஆடிவிட்டு அப்படியே நிற்கிறது. ஏதோ உடைந்துவிட்டது என்றே நினைத்தேன். அன்றைக்கு குடியாத்தத்திலிருந்து பெரியப்பா வந்திருந்தார். அவர் நிலத்துக் கிணற்றில் மூன்று ஃபேஸ் மோட்டார் ஓடுகிறது. எட்டிப் பார்த்துவிட்டு, “இன்னாடா, தலைகீழா சுத்துது போல. நம்ம கிணத்து மோட்டார் மாதிரிதான், ரெண்டு ஒயர மாத்திப் போடு” என்றார். மாத்திப் போட்டேன், தலை சுற்றியது.

அவர் சொன்னதுதான் விஷயமே. மூன்று ஒயரில் எந்த இரண்டை மாற்றினாலும் சுற்றும் திசை மாறிவிடும், மோட்டாருக்கு ஒன்றும் ஆகாது. தலை நின்றதற்குக் காரணம் மெயின் கியருக்குள் இருக்கிற ஒருவழி பேரிங். சைக்கிளில் பெடலைப் பின்பக்கமாக மிதித்தால் சக்கரம் ஓடாதே, அதே கதை. நடுவானில் மோட்டார் நின்றுபோனாலும் ரோட்டார் தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டு பத்திரமாக இறங்குவதற்காக அதை வைத்திருக்கிறார்கள். ஆனால் பேட்டரிப் பக்கம் இருக்கிற சிவப்பும் கருப்பும் வேறு. அதை மாற்றிச் சொருகினால் அந்த நொடியே இஎஸ்சி போய்விடும்.

அடுத்தது பல்லோடு பல் சேர்வது. என்னைக் கேட்டால் முழு வேலையும் இதில்தான் இருக்கிறது. நோட்டுத் தாளில் விரல் அகலத்துக்கு ஒரு துண்டு கிழித்து, பினியனுக்கும் மெயின் கியருக்கும் நடுவில் விட்டு, மோட்டாரை கியரோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு போல்ட்டை முடுக்குங்கள். அப்புறம் கியரைக் கையால் சுற்றித் தாளை வெளியே எடுங்கள். புடவைக் கொசுவம் போலச் சீராக மடிப்பு விழுந்து, கிழியாமல் வர வேண்டும். கிழிந்தால் இறுக்கம், மடிப்பே தெரியாவிட்டால் தளர்வு. ஒரே இடத்தில் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள், பிளாஸ்டிக் கியர் துல்லியமான வட்டமாக இருக்காது, நாலு இடத்தில் பாருங்கள். எங்கே அதிக இறுக்கமோ அந்த இடத்தில் தாள் வைத்து முடுக்குங்கள்.

பினியனை மோட்டார் தண்டோடு பிடித்து வைப்பது தலையில்லாத ஒரு குட்டி ஸ்க்ரூ. அது தண்டில் தட்டையாக ராவியிருக்கிற பக்கத்தின்மேல் உட்கார வேண்டும். நான் முதல் தடவை வெறுமனே முடுக்கி விட்டுவிட்டேன். இரண்டாவது ஓட்டத்தில் கர்ர்ரென்று ஒரு சத்தம், நிறுத்திப் பார்த்தால் மேசையெல்லாம் தேங்காய்த் துருவல் போல வெள்ளைத் தூள். அதிர்வில் ஸ்க்ரூ தளர்ந்து, பினியன் மேலே ஏறி, பாதிப் பல் மட்டும் கடித்துக்கொண்டு ஓடி மெயின் கியரைச் சீவித் தள்ளியிருக்கிறது. புது கியர் வாங்கி மாட்டியபோது ஸ்க்ரூவையும் தண்டையும் எண்ணெய் போக ஸ்பிரிட்டால் துடைத்து, ஸ்க்ரூ தளராமல் பிடிக்கிற நீல நிறப் பசையான லாக்டைட் ஒரு சொட்டு வைத்து, ராத்திரி முழுக்க அப்படியே விட்டேன். இரும்போடு இரும்பு சேர்கிற இடத்துக்கு மட்டும்தான் அது. பிளாஸ்டிக்கில் பட்டால் அந்த இடம் வெடித்துப்போகும்.

இஎஸ்சிக்கு உங்கள் ரிமோட்டின் த்ராட்டில் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று பழக்க வேண்டும். அதற்கு முழு த்ராட்டில் வைத்துக்கொண்டு பேட்டரியைச் சொருக வேண்டியிருக்கிறது, பீப் கேட்டதும் கீழே இறக்க வேண்டும். இதைச் செய்யும்போது பிளேடு இல்லாவிட்டாலும் பினியனைக் கியரிலிருந்து விலக்கி வையுங்கள். செட்டிங்கில் பிரேக் வேண்டாம், மெதுவாகக் கிளம்பும் சாஃப்ட் ஸ்டார்ட் கட்டாயம். பேட்டரி இறங்கினால் பட்டென்று நிறுத்தாமல் சக்தியைக் குறைத்துக்கொண்டே வருகிற முறையைத் தேர்ந்தெடுங்கள். பிறகு த்ராட்டில் ஹோல்டு சுவிட்சைப் போட்டால் மோட்டார் நிற்கிறதா என்று பத்து தடவையாவது பாருங்கள், விரல் தானாகப் போகிற அளவுக்கு.

பறக்கவிடப் பாலாறுதான் எனக்கு இடம். வருஷத்தில் பாதி நாளுக்கு மேல் வெறும் மணல், ஆள் இருக்காது. அப்துல்லாபுரம் விமான நிலையப் பக்கம் போகவே வேண்டாம், மற்ற இடமானாலும் எங்கே பறக்கவிடக் கூடாது என்று காட்டுகிற அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். மணலில் ஒரு தொல்லை உண்டு. அதில் கலந்திருக்கிற கருப்பு இரும்புத் துகள் மோட்டார் காந்தத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது, ஊதினாலும் போகாது, ஒட்டுகிற டேப்பால் ஒற்றி ஒற்றித்தான் எடுக்க வேண்டும். இப்போது மூன்றடிக்கு மூன்றடி பிளைவுட் பலகை ஒன்றை எடுத்துப்போய் அதன் மேல்தான் வைக்கிறேன்.

வெயிலையும் யோசிக்க வேண்டும். சாதாரண நியோடிமியம் காந்தம் 80 டிகிரியைத் தாண்டினால் பலம் குறைய ஆரம்பிக்கும். கத்திரி வெயிலில் நம் ஊர்க் காற்றே 40-க்கு மேல், மோட்டார் சூடு ஏறுவதற்கு மிச்சம் இருக்கிற இடம் கொஞ்சம்தான். அதனால் காலை ஏழு மணிக்குள் முடித்துக்கொள்கிறேன், இறக்கியதும் மோட்டாரின் மேல் விரலை வைத்துப் பார்க்கிறேன். இரண்டு நொடி வைக்க முடியாவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான், பல் இறுக்கத்தை மறுபடி பார்க்க வேண்டும்.

போன ஞாயிறு பிளேடு மாட்டினேன். பலகையை விட்டு ஓர் அடி உயரம், பத்து நொடி இருக்கும். பெரியப்பா கரையில் நின்றுகொண்டு கையைத் தூக்கிக் காட்டினார். இறக்கி, ஹோல்டு போட்டு, பேட்டரியைக் கழற்றிவிட்டு மோட்டாரைத் தொட்டேன். இளஞ்சூடு, டீ ஆறின டம்ளர் மாதிரி.