அரிசி இருக்கிறது, ஆக்கித்தர ஆளில்லை

கம்பம் பக்கம் எங்கள் தெருவில் காலை ஐந்தரைக்கே ஜீப் ஹார்ன் கேட்டுவிடும். கம்பம்மெட்டு மலைப்பாதை ஏறி, கேரளத்து வண்டன்மேடு, புளியன்மலைப் பக்கம் ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போகிற பெண்கள் ஒரு ஜீப்பில் பதினைந்து பேர் வரை நெருக்கியடித்துக்கொண்டு போவார்கள், இருட்டுகிற நேரத்துக்குத்தான் திரும்புவார்கள். பள்ளிக்கூடம் நடக்கிற மாதங்களில் பிள்ளைகளின் சாப்பாட்டைப் பற்றி அவர்களுக்குப் பெரிய கவலை இல்லை. ஐந்தாவது வரை படிக்கிற பிள்ளைகளுக்கு இப்போது காலையிலேயே உப்புமாவோ பொங்கலோ கிடைக்கிறது, மதியம் முட்டையோடு சோறு. கோடை லீவு விட்டதும் இரண்டு வேளையும் ஒரே நாளில் நின்றுபோகிறது.

போன மே மாதம் ஒரு மதியம், பக்கத்து வளவில் ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி தூக்குவாளியைத் திறந்து முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா விடிகாலையில் ஆக்கி வைத்துவிட்டுப் போன சோறு, வெக்கையில் ஊசிப்போய் நூல் விட்டிருந்தது. அவள் தண்ணீர் ஊற்றி அலசினாள், வடித்தாள், உப்புப் போட்டுப் பிசைந்து தம்பிக்கு ஊட்டப் போனாள். "கழுவுனா வாடை போயிரும்க்கா" என்றாள். எத்தனை நாளாக இப்படிச் செய்கிறாள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அந்த வீட்டில் அரிசி இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். 2011-லிருந்து ரேஷன் அரிசி இலவசம்தான். மதியம் பன்னிரண்டு மணிக்கு அதை ஆக்கித்தரத்தான் ஆளில்லை, அடுப்புப் பக்கம் போகாதே என்றுதான் எந்தத் தாயும் சொல்லிவிட்டுப் போவாள். அதனால்தான், லீவுக்கு அரிசி பருப்பைக் கையில் கொடுத்தால் போதாதா என்று கேட்பவர்களிடம் நான் சண்டையே போடுகிறேன். கொரோனா சமயத்தில் அப்படிக் கொடுத்தார்கள், அப்போது பெரியவர்களும் வீட்டில் இருந்தார்கள்.

2013-ல் வந்த உணவுப் பாதுகாப்புச் சட்டம் மதிய உணவைப் பிள்ளைகளின் உரிமை என்கிறது, ஆனால் பள்ளி விடுமுறை நாட்களை விட்டுவிட்டது. வறட்சி பாதித்த இடங்களில் கோடை விடுமுறையிலும் சமைத்துப் போட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004-லேயே உத்தரவு போட்டிருக்கிறது. எங்கள் பக்கம் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் நெல்லும் திராட்சையும் விளைகிற பூமி, இதைப் போய் யார் வறட்சி என்பார்கள்?

சரி, நாமே ஆக்கிப்போடுவோம் என்று இந்த ஏப்ரலில் ஆறு பேர் இறங்கினோம். பூட்டிக் கிடந்த பள்ளிச் சமையற்கூடம் ஒன்றைக் கேட்டோம், லீவில் திறக்க முடியாது என்றார்கள். அப்புறம் கோயில் மண்டபம் கிடைத்தது. சத்துணவில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்ற பெரியம்மா ஒருவர்தான் எங்களுக்குத் தைரியம், தலைக்கு நூறு கிராம் என்று கணக்குப் போட்டு உலை வைப்பார்.

முதல் நாள் வந்தது பதினோரு பேர்தான். இலவசச் சாப்பாடு என்று தெருவெல்லாம் சொல்லிவைத்தது எங்கள் தப்பு, ஏழாவது எட்டாவது படிக்கிற பையன்கள் மண்டபத்து வாசல் வரை வந்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். பெரியம்மா அவர்களைக் கூப்பிட்டு, "பரிமாற ஆளில்லப்பா, வந்து வாளியத் தூக்குங்க" என்றார். மறுநாள் அவர்கள் பரிமாறினார்கள், எல்லோருக்கும் போட்டுவிட்டுக் கடைசிப் பந்தியில் தாங்களும் உட்கார்ந்தார்கள். இப்போது முப்பத்தெட்டுப் பேர், நான்கு கிலோ அரிசி, வாரத்தில் இரண்டு நாள் முட்டை.

அந்தப் பெண்ணும் தம்பியோடு வருகிறாள். முதல் நாள் ஆவி பறக்கிற சோற்றை ஒரு கை எடுத்து, முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் அவனுக்கு ஊட்டினாள்.

மே கடைசி வரைக்கும் அரிசி இருக்கிறது. துவரம்பருப்பும் எண்ணெயும் இன்னும் பத்து நாளைக்கு வேண்டும். கம்பம் பக்கம் இருப்பவர்கள் காலை ஒன்பதரைக்கு வந்தால் இன்னும் நல்லது, வெங்காயம் உரிக்கக் கை பற்றவில்லை.