தோசை 90, செயலியில் 120

மசால் தோசை கடையில் 90 ரூபாய். அதே கடை, அதே தோசை, இன்று மாலை உணவு டெலிவரி செயலியில் 120.

கடைக்காரர் பேராசை என்று திட்ட வேண்டாம். செயலி கமிஷன் பெரும்பாலும் நூற்றுக்கு 20 முதல் 30 வரை. 25 என்று வைத்தால், அவர் கையில் 90 நிற்க 120 போட்டே ஆக வேண்டும். 25 சதவீதம் மட்டும் ஏற்றி 112.50 போட்டால் கைக்கு வருவது 84 சொச்சம்தான்.

நாலு பேர் வீட்டுக்கு 480. பேக்கிங் தோசைக்குப் பத்து வீதம் 40. இரண்டுக்கும் சேர்த்து 5 சதவீத ஜிஎஸ்டி, 26. டெலிவரியும் பிளாட்ஃபார்ம் கட்டணமும் 50 என்றால் அதற்கு 18 சதவீதம், 9.

மொத்தம் 605. நடந்து போய் வாங்கினால் வரியோடு 378.

இவ்வளவு கொடுத்தும் மூடிய டப்பாவில் ஆவி கோத்து தோசை துவண்டுதான் வரும். பார்சலுக்குத் தாங்குவது இட்லியும் இடியாப்பமும்.

பரோட்டா மட்டும் கடையில் வாங்கி, சால்னாவை வீட்டில் வைக்கலாம். சாம்பாருக்குத் தூக்குவாளி கொண்டு போங்கள்.

அப்புறம், காம்போசிஷன் திட்டத்தில் (விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தைக் கடையே தன் கையிலிருந்து வரியாகக் கட்டும் முறை) உள்ள சின்னக் கடைகள் நம்மிடம் ஜிஎஸ்டி தனியாக வாங்கக் கூடாது. பில்லில் போட்டிருந்தால் கேளுங்கள்.