15 நொடி மூச்சு

இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனையின் எம்.ஆர்.ஐ. பிரிவில் ரேடியோகிராஃபராக இருக்கிறேன். மூளை, முதுகெலும்பு, முழங்கால் என்று வருடக்கணக்காக எடுத்தாலும் நுரையீரல் மட்டும் படத்தில் எப்போதும் கறுப்பாகவே கிடக்கும். வழக்கமான எம்.ஆர்.ஐ. பிடிப்பது உடம்பின் தண்ணீரிலும் கொழுப்பிலும் இருக்கும் ஹைட்ரஜனைத்தான். நுரையீரலில் பெரும்பகுதி வெறும் காற்று. அந்தக் கறுப்புக்குள் நோயாளி மூச்சில் இழுத்த செனான் வாயு நிரம்பி, இரண்டு நுரையீரலும் திரையில் வெளிச்சமாக வந்த முதல் நாள் நான் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன்.

செனானை அப்படியே கொடுத்தால் போதிய சிக்னல் கிடைக்காது. ரூபிடியம் என்ற உலோகத்தின் ஆவியோடு சேர்த்து லேசர் பாய்ச்சி, செனான்-129 என்ற செனான் வகையின் அணுக்கருக்களில் முடிந்த அளவை ஒரே பக்கம் திருப்பி வைக்க வேண்டும். 1994இல் எலியின் நுரையீரலில் முதல் படம் எடுத்ததும் இந்த வழியில்தான். வாயுவைப் பையில் நிரப்பியதும் தாமதிக்க முடியாது. ஆக்சிஜன் பட்டால் அந்த ஒழுங்கு குலைந்துவிடும், உள்ளே இழுத்த பிறகு அரை நிமிடத்தில் பெரும்பகுதி போய்விடும். அதனால்தான் 10, 15 நொடி மூச்சை அடக்கச் சொல்கிறோம்.

நுரையீரல் தழும்பேறி இறுகிப்போன ஒருவரிடம் இதைக் கேட்பது சாதாரண விஷயம் இல்லை. மல்லாந்து படுத்தாலே அவர்களுக்கு இருமல் வரும். ஆரம்பத்தில் ஒருமுறை அவசரத்தில் ஒத்திகை பார்க்காமல் நேராக வாயுப் பையையே கொடுத்துவிட்டேன். அந்தப் பெரியவர் நாலாவது நொடியில் இருமினார், அவ்வளவுதான், பை வீண். அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். தவறு என்னுடையது, அவர் கேட்டதுதான் இன்றுவரை மனதை அறுக்கிறது. அப்புறம் யார் வந்தாலும் சாதாரணக் காற்று நிரப்பிய பையில் இரண்டு மூன்று தடவை பழக்கிவிட்டுத்தான் வாயுவைத் தொடுவேன். லேசாகத் தலை சுற்றும், விரல் நுனி கூசும், சீக்கிரம் சரியாகிவிடும் என்பதையும் முன்பே சொல்லிவிடுவேன்.

நுரையீரல் தழும்பேறும் இந்த நோயில் நான் எதிர்பார்க்காத ஒன்று உண்டு. வாயு எங்கெல்லாம் போகிறது என்று காட்டும் முதல் படம் பல பேருக்கு ஏறக்குறைய நன்றாகவே இருக்கும். சிக்கல் அதற்கு அடுத்த கட்டத்தில். உள்ளே போன செனானில் மிகச் சிறு பங்கு காற்றறைச் சுவரில் கரைந்து, அங்கிருந்து சிவப்பணுக்களுக்குள் போகிறது. ஒவ்வொரு இடத்திலும் அதன் அதிர்வெண் கொஞ்சம் மாறுவதால் எவ்வளவு எங்கே இருக்கிறது என்று பிரித்துப் பார்க்கலாம். தழும்பேறிய நுரையீரலில் சுவரில் நிறையத் தங்குகிறது, சிவப்பணுவுக்குக் குறைவாகவே போய்ச் சேருகிறது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழக ஆய்வுக் குழு 2019இல் வெளியிட்ட ஆய்வில், ஊதிப் பார்க்கும் பரிசோதனைகள் பெரிதாக மாறாத நோயாளிகளிடமும் சுவரில் தங்குவதோடு ஒப்பிட்டால் சிவப்பணுவுக்குப் போய்ச் சேரும் செனானின் விகிதம் ஓராண்டில் இறங்கியிருந்தது. நோயாளி "எனக்கு மோசமாகிறது" என்கிறார், ஊதிப் பார்த்த எண்ணோ "அப்படியேதான் இருக்கிறது" என்கிறது. இத்தனை நாளும் நாம் எண்ணைத்தான் நம்பினோம்.

அமெரிக்காவில் செனான் படத்துக்கு 2022 டிசம்பரில் கிடைத்த அனுமதி காற்றோட்டத்தைப் பார்ப்பதற்குத்தான். தழும்பு நோய்க்காரர்களுக்கு அதிகம் உதவப்போவது சிவப்பணு வரை பார்க்கும் அந்த இரண்டாவது அளவீடு என்பது என் எண்ணம். பிர்ஃபெனிடோன், நின்டெடானிப் போன்ற மருந்துகள் நோயின் வேகத்தைக் குறைக்கும், விழுந்த தழும்பை அழிக்காது. மருந்து வேலை செய்கிறதா என்று தெரிய ஒரு வருடம் காத்திருப்பது இவர்களுக்கு ரொம்ப நீண்ட காலம்.

போன மாதம் ஆய்வுக்காக வந்த ஒருவர், டாக்டர் காட்டிய படத்தைப் பார்த்து, "காற்று எல்லா இடத்துக்கும் போகிறதே, பிறகு ஏன் எனக்கு இப்படி இரைக்கிறது?" என்று கேட்டார். டாக்டர் அடுத்த படத்தைத் திறந்து, சிவப்பணுப் பகுதி மங்கிக் கிடந்த கீழ்ப்பக்கத்தை விரலால் தொட்டுக் காட்டினார். நோயாளியின் மனைவி ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மாடிப்படியில் பாதியில் உட்காரும்போதெல்லாம் நான் கோபப்பட்டேனே" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஆறு மாதம் கழித்து மறுபடி வருவார். வீட்டில் சமையலறைக் கடிகாரத்தைப் பார்த்து மூச்சை அடக்கிப் பழகுகிறாராம். 12 நொடி வருகிறது என்று மனைவி போனில் சொன்னார்.