கருப்பட்டி டாடி: நாலு ராத்திரி, ஒரு உடைந்த கிளாஸ்

மதுரையில் குளிர்காலம் என்றால் ஊட்டிக்காரர் சிரிப்பார். மார்கழி விடியலில் 20 டிகிரி தொட்டாலே எங்கள் தெருவில் மப்ளரும் குல்லாவும் பெட்டியிலிருந்து இறங்கிவிடும். ஃபேனை ஒன்றில் வைப்பதா, நிறுத்துவதா என்று வீட்டில் சண்டை. அந்தக் குளிருக்குத்தான் இத்தனை ஏற்பாடும்.

செய்ய நினைத்தது ஹாட் டாடி. ஸ்காட்லாந்துப் பக்கம் விஸ்கியில் வெந்நீர், தேன், எலுமிச்சை, கிராம்பு சேர்ப்பார்கள். வெந்நீருக்குப் பதில் பால் சேர்க்காத டீயை ஊற்றுகிறவர்களும் உண்டு. நான் டீ கட்சி.

முதல் ராத்திரி சுத்தமாகக் கெட்டது. வீட்டிலிருந்த டஸ்ட் டீயை டீக்கடைப் பழக்கத்தில் தளதளவென்று கொதிக்கவிட்டு, வடிகட்டிய கையோடு கிளாஸில் ஊற்றினேன். 'டிக்' என்றது. அடியிலிருந்து மேல்வரை விரிசல். மிச்சத்தை எவர்சில்வர் டம்ளரில் பிடித்து 60 மில்லி விஸ்கி விட்டு மூக்கருகே கொண்டுபோனால், ஆவி சுள்ளென்று ஏறிக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆல்கஹால் 78 டிகிரியிலேயே கொதிப்பது. கொதிக்கிற டீயில் விட்டால் வேறென்ன ஆகும்? டம்ளர் விளிம்பு உதட்டைச் சுட்டது தனிக்கதை. எல்லாம் ஆறியபின் குடித்துப் பார்த்தால் நாக்கில் கொட்டைப்பாக்குத் துவர்ப்பு.

டஸ்ட்டைக் குறை சொல்லவும் முடியாது. அது பாலுக்கென்றே பிறந்த தூள். டீயின் துவர்ப்பைப் பாலிலுள்ள புரதம் பிடித்து அடக்கிவிடும். பால் இல்லாத இடத்தில் அடக்க ஆளில்லை. பாலை ஊற்றிவிடலாமே என்றால், எலுமிச்சை பட்டதும் திரிந்துபோகும்.

அதனால் இரண்டாம் ராத்திரிக்கு நீலகிரி இலைத் தேயிலை, தூளாக அரைபடாமல் சுருட்டிய இலையாக இருக்கிறதே, அது. அடுப்பை அணைத்துவிட்டு ஒரு டீஸ்பூன் இலையைப் போட்டு, மூடி, மூன்று நிமிடம். சாயம் தேன் நிறத்தில் தெளிவாக இறங்கியது. எலுமிச்சைச் சாறு விழுந்ததும் இன்னும் வெளுத்தது. புளிப்பு பட்டால் டீ நிறம் வெளுக்கும், நம் லெமன் டீயில் தினமும் பார்ப்பதுதான். குடிக்கும்படி இருந்தது. ஆனால் தேனும் எலுமிச்சையும் கிராம்பும் சேர்ந்து அச்சு அசல் இருமல் சிரப். மீதியைத் தொடத் தோன்றவில்லை.

வழி கிடைத்தது பருத்திப் பால் வண்டியில். வெளியூர்க்காரர்களுக்கு மதுரை என்றால் ஜிகர்தண்டா. மார்கழி சாயங்காலத்தில் நாங்கள் நிற்பது பருத்திப் பாலுக்கு. கருப்பட்டி, சுக்கு, ஏலக்காய் மணக்க அதை ஊதி ஊதிக் குடித்தபோதுதான் உறைத்தது: தேனை எதற்குக் கட்டிக்கொண்டு அழுகிறேன்?

டாடி என்ற சொல்லே வடக்கே பனங்கள்ளைச் சொல்லும் 'தாடி'யிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது (முகத்தில் வளர்வது இல்லை). கருப்பட்டியும் பனைதான், கலயத்தில் சுண்ணாம்பு தடவி, புளிக்கவிடாமல் இறக்கிய பதநீரைக் காய்ச்சியது. கள்ளாகாமல் தப்பித்ததைக் கொண்டுவந்து விஸ்கியில் கரைக்கப்போகிறேன்.

மூன்றாம் ராத்திரி, கீழமாசி வீதியில் வாங்கிவந்த கருப்பட்டியை அரை டம்ளர் தண்ணீரில் உருக்கி வடிகட்டினேன். வடிகட்டாமல் விட்டால் பல்லில் மண் நெரியும், அனுபவத்தில் சொல்கிறேன். ஆசையில் மூன்று டீஸ்பூன் பாகு விட்டேன். டீயும் காணோம், விஸ்கியும் காணோம்.

அன்றைக்குச் சித்தப்பா வந்திருந்தார். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்.

"என்னப்பா இது, கசாயமா? லடாக்ல ரம்முல சுடுதண்ணிய ஊத்திக் குடிச்சிட்டு இழுத்துப் போத்திக்குவோம். இதுக்கு இம்புட்டு அலப்பறையா?"

மது குடித்தால் தோலுக்கு ரத்தம் கூடுதலாக ஓடுவதால்தான் கதகதப்பாகத் தெரிகிறது, உள்ளிருக்கும் சூடு வெளியேதான் போகிறது என்று என் பங்குக்கு அறிவைக் காட்டினேன்.

"அதான் போத்திக்குவோம்னேன்ல?" என்றார்.

நாலாம் ராத்திரி பிடி கிடைத்தது. 120 மில்லி தண்ணீரில் இரண்டு கிராம்பு, தட்டிய ஓர் ஏலக்காய் போட்டுக் கொதிக்கவிட்டு அணைத்து, இலை போட்டு மூன்று நிமிடம். வடிகட்டி, கருப்பட்டிப் பாகு ஒன்றரை டீஸ்பூன், சுக்குப் பொடி ஒரு சிட்டிகை. கிளாஸை முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் அலசிக்கொள்ள வேண்டும். டீ 65, 70 டிகிரிக்கு இறங்கட்டும். தெர்மாமீட்டர் இல்லையென்றால், கிளாஸை நாலு விரலால் பிடிக்க முடிகிறதா என்று பார்த்தால் போதும். பிறகு விஸ்கி 30 மில்லி. எலுமிச்சை அரை டீஸ்பூன், கடைசியில்.

60 மில்லி வேண்டவே வேண்டாம். 42.8 சதவீத ஆல்கஹால் உள்ள விஸ்கி 30 மில்லி விட்டாலே மொத்தத்தில் ஏறக்குறைய 8 சதவீதம் வருகிறது, ஸ்ட்ராங் பீர் கணக்கு. சூட்டில் அது தெரியாமல் உள்ளே போகும்.

விஸ்கி எது என்று கேட்பீர்கள். நம் நாட்டில் சாதாரண விலைக்கு விற்கும் விஸ்கியில் பெரும்பங்கு, சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகான மொலாசஸில் இறக்கிய ஸ்பிரிட், மால்ட் (முளைகட்டிய பார்லியில் இறக்கியது) கொஞ்சம்தான். இதற்கு அதுவே போதும். நண்பன் கொடுத்த புகைவாசனை ஸ்காட்சை விட்டும் பார்த்தேன். கருப்பட்டியிலேயே விறகடுப்புப் புகை கொஞ்சம் இருக்கிறது, இரண்டும் சேர்ந்து போகிச் சாம்பல் மாதிரி ஆகிவிட்டது. நல்ல மால்ட்டைத் தனியாகக் குடியுங்கள், பாவம்.

சித்தப்பா இந்த முறை கிளாஸைக் காலி செய்தார். "எலுமிச்சம்பழம் வேணாம்ப்பா" என்பது மட்டும் அவர் தீர்ப்பு. அவர் சொன்னபடி இன்னொன்று போட்டுப் பார்த்தேன், பாகு திகட்டுகிறது. அரை டீஸ்பூன் இருக்கட்டும்.

மிச்சம் ஒரு தொல்லை: சுக்குப் பொடி அடியில் தங்கிக் கடைசி வாய் தொண்டையைக் கீறுகிறது. அடுத்த தடவை சுக்கைத் தட்டிக் கிராம்போடு கொதிக்கவிட்டு வடிகட்ட வேண்டும்.