கொல்லைக் கிணத்துக்கு எத்தனை ஸ்பூன் பிளீச்சிங் பவுடர்?

பொங்கலுக்கு வீடு கழுவினப்ப நடந்தத எழுதணும்னு பத்து நாளா நெனச்சுக்கிட்டே இருக்கேன். திருத்துறைப்பூண்டி பக்கம் எங்க ஊரு, கொல்லையில கிணறு, அதத் தாண்டி சின்னதா ஒரு குட்டை, ஐப்பசி மழைல நெறஞ்சா தை மாசம் வரைக்கும் தண்ணி நிக்கும். கக்கூஸ், முத்தமெல்லாம் தேய்ச்சு முடிச்சுட்டு மிச்சம் இருந்த பிளீச்சிங் தண்ணி அரை பக்கெட்ட, அடியில தங்கின மண்டியோட சேத்து நான்தான் குட்டைல ஊத்தினேன். யோசிக்கவே இல்ல. மறுநாள் விடியக்காலைல அம்மா சத்தம் போட்டு கூப்பிட்டாங்க. ஓரமா ஏழெட்டு கெண்டைக் குஞ்சு வயித்தக் காட்டிக்கிட்டு மெதக்குது, ஒண்ணு மட்டும் இன்னும் செவுளத் தொறந்து தொறந்து மூடுது. அன்னிக்கு எனக்கு சோறு எறங்கல.

அப்புறம்தான் தேடிப் படிச்சேன். அமெரிக்காவுல ஆத்துல கொளத்துல இருக்கற ஜீவன்களுக்குன்னு வச்சிருக்கற எல்லையே லிட்டருக்கு 0.019 மில்லிகிராம் குளோரின்தான். நம்ம குடிதண்ணி விதிப்படி குழாய்த் தண்ணில குறைஞ்சது 0.2 மில்லிகிராம் இருக்கணும். நமக்கு நல்லதுன்னு விடற அளவே மீனுக்கு பத்து மடங்கு ஜாஸ்தி, நம்ம குடிச்சா வயித்துக்குப் போயி அடங்கிடுது, அதுக்கு செவுள்லயே நேரா படுது. இதுல நான் ஊத்தினது அரை பக்கெட்.

சேதி கேட்டு அத்தான் வந்தார். மாப்பிள்ளைச் சம்பா போடறவர், வயல்ல ஒரு சொட்டு மருந்து அடிக்க மாட்டார், அவர் மேல எனக்கு ரொம்ப மரியாதை. "பாப்பா, இந்த விஷத்த வீட்டுக்குள்ளயே விடாத, தண்ணி டேங்க்லயும் போடக் கூடாதுன்னு பஞ்சாயத்துல சொல்லப் போறேன்"னார். அங்கதான் எனக்கு ஒத்துக்க முடியல அத்தான். 2004 சுனாமிக்கு அப்புறம் நாகப்பட்டினத்துல தெருத்தெருவா வெள்ளையா பிளீச்சிங் பவுடர் தூவிக் கெடந்ததும் அந்த நெடியும் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. அவ்ளோ ஜனம் ஒரே எடத்துல அடைஞ்சு கெடந்தப்ப காலராவுக்கு பயந்து போட்டது அது. கொள்ளிடத்துத் தண்ணி குழாய்லயே வேதாரண்யம் வரைக்கும் வருது, வழியில எங்க ஒடைசலோ எங்க சாக்கடை ஒட்டி ஓடுதோ, கடைசி வீட்டுக் கொடத்துல அந்த 0.2 இல்லன்னா மொதல்ல பேதியில விழறது கொழந்தைங்கதான்.

பிளீச்சிங்ல டயாக்ஸின்ங்கற கொடிய விஷம் வருதுன்னும் அத்தான் சொன்னார். அது பொய் இல்ல, ஆனா அது பேப்பர் மில்லுல குளோரின் வாயு விட்டு கூழ வெளுத்தப்ப வந்த பிரச்சினை, கக்கூஸ் கழுவறதுல வர்றது இல்ல. நம்ம ஊர்ல செம்பு எடுக்கறதுக்கு ஒயரப் போட்டு எரிக்கறாங்களே, அந்தப் புகைலதான் அது இருக்கு, அத யாரும் கேக்கறதில்ல.

நிஜமாவே கவலைப்பட வேண்டியது வேற. தண்ணில எல தழ மக்கிக் கெடந்தா குளோரின் அதோட சேந்து குளோரோஃபார்ம் மாதிரி ஒடம்புக்கு ஆகாத பொருளுங்க உண்டாகும். 1974ல நெதர்லாந்துல ரூக்னு ஒரு வேதியியல்காரர் கண்டுபிடிச்சு எழுதினார். ஆனா அதுக்கு பயந்து கிருமி கொல்றத விட்டுடாதீங்கன்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. எங்க கிணத்துல மூங்கில் எல விழுந்து அழுகும், அம்மா அத வாராம மேலயே அரை கிலோ பவுடரக் கொட்டுவாங்க, வருஷா வருஷம்.

அரை கிலோ! எங்க கிணறு அஞ்சடி அகலம், ஆறரை அடி தண்ணி, மூவாயிரத்து ஐநூறு லிட்டர் சொச்சம்தான் வருது. ஆயிரம் லிட்டருக்கு நல்ல பவுடர் 2.5 கிராம்னு கணக்கு, அப்ப மொத்தமே ஒம்போது கிராம், ரெண்டு டீஸ்பூன் இருந்தா போதும். வெள்ளம் பூந்த கிணறுன்னா வேற, அதுக்கு நெறைய போட்டு ஊற வச்சு எறைச்சு விடணும். சாதாரண நாள்ல எலய வாரிட்டு, பவுடர பக்கெட்ல கொழைச்சு, பத்து நிமிஷம் விட்டா சுண்ணாம்பு அடில தங்கிடும், மேல தெளிஞ்சத மட்டும் கிணத்துல விட்டு வாளியால கலக்கி, ஒரு மணி நேரம் தொடாம இருக்கணும்.

இன்னொண்ணு, தயவுசெஞ்சு பிளீச்சிங்கோட ஆசிட்ட சேக்காதீங்க. கறை போகலன்னு எங்க பக்கத்து வீட்டு அக்கா ரெண்டையும் கக்கூஸ்ல ஊத்தி, பச்சையா ஒரு நெடி கெளம்பி, கதவு வேற சாத்தியிருந்துச்சு, மூச்சு முட்டி இருமிக்கிட்டே வெளிய வந்து விழுந்தாங்க. அது குளோரின் வாயுவேதான், மொத உலகப் போர்ல விட்டாங்களே அதே.

பக்கெட் கழுவின தண்ணிய இப்ப குட்டைப் பக்கமே கொண்டு போறதில்ல, ரெண்டு நாள் வெயில்ல தொறந்து வச்சுடறோம், வெயில் பட்டா வீரியம் போயிடும், அப்புறம் வாசல் மண்ணுல ஊத்தறோம். நேத்து அத்தான் போன் பண்ணி அவர் வீட்டுக் கிணறு ஆறடி அகலம்னார், ஆழத்துக்கு கயிறு விட்டுப் பாத்துட்டு சொல்றேன்னிருக்கார்.